பிரிக்காத கடிதங்கள்

குடும்பங்களுக்கு உதவும் சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். ஒரு தாய், 2 பிள்ளைகள். வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றுபோயிருந்தது. 3 முறை நேரம் குறித்துக் கடிதம் போட்டும் அவர் வரவில்லை. ஃபைலில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிவிட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பது வீட்டுக்கு நேரில் போனபோதுதான் தெரிந்தது.

அலமாரிக்கு மேலே ஒரு துணிப்பை. உள்ளே 17 கடிதங்கள், ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. நான் அனுப்பிய மூன்றும் அதிலேயே கிடந்தன. "கவரைப் பார்த்தாலே கை நடுங்குதுங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களோன்னு பயம்" என்றார்.

சரி, இன்றைக்கு இது மட்டும்தான் வேலை என்று உட்கார்ந்துவிட்டேன். அவரையே ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொன்னேன். கடைசித் தேதி உள்ளவை ஒரு பக்கம், வெறும் தகவல் இன்னொரு பக்கம். அவசரமானவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று வருமானச் சான்று கேட்டு வந்தது. பணம் நின்றதற்கு அதுதான் காரணம். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அவரே பேசினார், நான் பக்கத்தில் இருந்தேன். நான் பேசியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும், ஆனால் அடுத்த கடிதம் மறுபடி பைக்குள்தான் போயிருக்கும்.

அப்புறம் ஃபைலைத் திருத்தினேன். பழைய வரியை அழிக்கவில்லை, பதிவை அழிக்கக் கூடாது. கீழே தேதி போட்டு, நான் கண்டதையும் அவர் சொன்னதையும் தனித்தனியாக எழுதினேன்.

இப்போதெல்லாம் யாராவது இரண்டாவது முறையும் வராவிட்டால் மூன்றாவது கடிதம் போடுவதில்லை. நேரில் போய், "வர்ற லெட்டரையெல்லாம் எங்க வைப்பீங்க?" என்றுதான் பேச்சையே தொடங்குகிறேன்.