காற்றாலை முதலீடு: கணக்கு எங்கே தப்புகிறது?

முப்பந்தல், கயத்தாறு, உடுமலை பக்கம் நல்ல காற்றுள்ள இடமாகப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. ஆனால் காற்றாலையில் கையைச் சுட்டுக்கொண்டவர்களிடம் பேசிப் பாருங்கள். விதி மாறிவிட்டது, பணம் வரவில்லை, லைன் கிடைக்கவில்லை என்பார்களே தவிர, காற்றைக் குறை சொல்பவர்கள் குறைவு.

பெரிய தவறு, இன்றைய சலுகை நாளைக்கும் இருக்கும் என்று நம்புவது. வருமான வரியில் கிடைத்த 80 சதவீதத் தேய்மானச் சலுகைக்காகவே (இயந்திர விலையின் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே செலவாகக் காட்டி வரியைக் குறைக்கும் வசதி) காற்றாலை வாங்கிய மில் முதலாளிகள் உண்டு. அதை 2012இல் நிறுத்தினார்கள், 2014இல் திரும்பக் கொடுத்தார்கள், 2017இல் 40 சதவீதமாக்கினார்கள். அதே 2017இல், மின்சாரத்துக்கு முன்கூட்டியே விலை நிர்ணயிக்கும் நிலையான கட்டண முறை போய், குறைந்த விலை கேட்பவருக்கு வாய்ப்புத் தரும் ஏலம் வந்தது. பிப்ரவரி ஏலத்தில் யூனிட்டுக்கு 3.46 ரூபாய், டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 2.43. விலை இறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் 2016-17இல் 5,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவிய இந்தியா, அடுத்த நிதியாண்டில் 2,000ஐக்கூடத் தொடவில்லை. குறைந்த விலையையே கொள்கையின் வெற்றியாக எண்ணுவது அரசுகள் செய்யும் தவறு என்பேன்.

அடுத்தது, கையெழுத்தான ஒப்பந்தத்தைக் கையில் வந்த பணமாக எண்ணுவது. ஆந்திராவில் 2019இல் வந்த புதிய அரசு, பழைய காற்று, சூரிய மின் ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்கக் கிளம்பியது. வழக்கு நடந்த காலத்தில் காற்று மின்சாரத்துக்கு இடைக்கால விலை 2.43 ரூபாய்தான். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஒப்பந்த விலையையே கொடுக்கச் சொன்னது. காற்றாலைக்காரர்கள் ஜெயித்தார்கள், சரி. அதுவரை வங்கித் தவணை யாருக்காகவும் காத்திருக்கவில்லையே! மின்வாரியம் பல மாதம் தாமதமாகப் பணம் தந்தாலும் தாங்குமா என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள்.

சொந்த மில்லுக்கு மின்சாரம் எடுப்பவர்கள் பேங்கிங்கில், அதாவது மிஞ்சிய யூனிட்டை மின்வாரியத்திடம் வரவு வைத்துப் பிறகு எடுப்பதில், கோட்டை விடுகிறார்கள். தமிழ்நாட்டில் காற்று சீசன் மே முதல் அக்டோபர் வரை. ஜூலையில் மிஞ்சிய யூனிட்டை டிசம்பரில் எடுக்க பேங்கிங் வேண்டும். அதற்குக் கட்டணமாக யூனிட்டில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வதும் உண்டு. பழைய காற்றாலைக்குள்ள வசதி புதியதற்கும் அப்படியே கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. பக்கத்து ஓனரின் பில்லைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

காற்றின் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. வேகம் 10 சதவீதம் குறைந்தால் காற்றிலுள்ள ஆற்றல் சுமார் 27 சதவீதம் குறையும், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. எனவே பக்கத்து ஊர் அளவீட்டைக் கடன் வாங்காதீர்கள். அப்புறம், உங்கள் மின்சாரத்தை ஏற்க சப்ஸ்டேஷனில் இடம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். காற்றாலையை நிறுவுவதைவிட உயரழுத்த லைன் இழுக்கத்தான் அதிக நாள் ஆகும்.

பழைய காற்றாலைகளை எடுத்துவிட்டுப் பெரியதாக நிறுவும் ரீபவரிங்கை வெறும் இயந்திர மாற்றமாகப் பார்ப்பதும் தவறுதான். 1990களின் 250 கிலோவாட் காற்றாலைகள் நல்ல காற்றுள்ள இடங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இன்றைய ஒரே காற்றாலை 2,000 கிலோவாட்டுக்கு மேல். ஆனால் அது நிற்க வேண்டிய இடத்தில் நாலைந்து உரிமையாளர்கள் இருப்பார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு, பழைய பேங்கிங் சலுகை போய்விடுமா என்ற இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் கிடைக்காதவரை, ஓடுகிற பழைய காற்றாலையை எந்த ஓனரும் கழற்ற மாட்டார்.