வெளிநாடு போகும் பி.எஃப். பென்ஷன்காரர்களுக்கு

பிள்ளைகளோடு தங்க துபாய், சிங்கப்பூர் என்று கிளம்புகிற பி.எஃப். பென்ஷன்காரர்கள், விமானம் ஏறுகிற வாரத்தில் உயிர்வாழ் சான்றை (பென்ஷன் நிற்காமல் வர, உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் கொடுப்பது) புதுப்பித்துவிடுங்கள். நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. இ.பி.எஸ்-95 என்கிற இந்த பி.எஃப். பென்ஷனுக்கு எந்த மாதம் கொடுத்தாலும், கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். மார்ச்சில் கொடுத்தால் அடுத்த மார்ச் வரை கவலையில்லை. இதற்கென்று நவம்பரில் டிக்கெட் போட்டு ஊர் வர வேண்டாம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுக்கு பஸ் பிடிக்கவும் தேவையில்லை, உயிர்வாழ் சான்றுக்கான அரசின் ஜீவன் பிரமாண் செயலியில் போனிலேயே முகத்தைக் காட்டினால் போதும். ஆதார் எண்ணும் பி.பி.ஓ. எண்ணும் (பென்ஷன் ஆணையில் இருக்கும் எண்) கையில் இருக்கட்டும். (நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள், இல்லையென்றால் பாடாய்ப் படுத்தும்.)

மத்திய அரசுப் பென்ஷன்காரர்களுக்கு இந்த ‘எந்த மாதமும்’ கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு நவம்பர்தான். 80 வயது நிறைந்தவர்கள் மட்டும் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஒரு வருஷத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்கும் இந்த வழி போதாது.