ரிப்போர்ட் நார்மல் என்றதும் கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

வேலூர் ஆற்காடு ரோட்டு மருந்துக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “ரிப்போர்ட் நார்மலா வந்துடுச்சு, அந்தக் கொழுப்பு மாத்திரை மட்டும் வேணாம்.” குடியாத்தம், ஆரணி, வாணியம்பாடி என்று பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்து, மாதாமாதம் சொந்தக் காசில் மருந்து வாங்குபவர்கள் அப்படிக் கேட்பது புரிகிறது. ஆனால் ரத்தக் கொழுப்பு விஷயத்தில் மற்ற எல்லாத் தவறுகளையும் விட இதுதான் அதிகம் கெடுக்கிறது.

கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1970களில், ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து முதல் ஸ்டாட்டினை, அதாவது நாம் கொழுப்பு மாத்திரை என்று சொல்லும் மருந்து வகையில் முதலாவதை, பிரித்தெடுத்திருந்தார். ஸ்டாட்டின் போட்டால் கல்லீரல் தானே கொலஸ்ட்ரால் செய்வது குறைகிறது. பற்றாக்குறையைச் சரிக்கட்ட அது ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்தில் இருப்பதை இழுத்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே எல்.டி.எல். பழைய இடத்துக்கு ஏறிவிடும். அந்த ‘நார்மல்’ மாத்திரையால் வந்த நார்மல்.

இன்னொன்று, ரிப்போர்ட்டில் அச்சிட்ட நார்மல் அளவு பொதுவானது. எல்.டி.எல். 95 என்றால் 100க்குக் கீழ்தானே என்று தோன்றும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் அது 70க்கும் கீழே இருக்க வேண்டும். பல மருத்துவர்கள் 55க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். மாத்திரையால் தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டின் மாற்றலாம். நாமாக விட்டுவிடுவதுதான் ஆபத்து.

அடுத்த தவறு, மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்ப்பது. ஒரு ரிப்போர்ட்டில் மொத்தம் 190, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 32, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 250 என்று வைத்துக்கொள்வோம். 200க்குள் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். 190இல் 32ஐக் கழித்துப் பாருங்கள்: 158. ரத்தக் குழாயில் படியக்கூடிய கொழுப்பு எல்லாம் இதற்குள்தான் அடங்குகிறது. இது 130க்குள் இருப்பதே நல்லது. எச்.டி.எல். குறைவு, ட்ரைகிளிசரைடு அதிகம் என்ற இந்தச் சேர்க்கை நம் மக்களிடம், அதிலும் சுகர் உள்ளவர்களிடம், நிறையவே இருக்கிறது.

வெறும் வயிறு பற்றியும் சொல்ல வேண்டும். சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் விடியற்காலை பஸ் ஏறி, ரத்தம் கொடுக்க வரிசையில் நின்று மயங்கி விழுபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதல்முறை கொழுப்புப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் பட்டினி தேவையில்லை. ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால்தான் வெறும் வயிற்றில் மறுபடி பார்ப்பார்கள். பட்டினி இருக்கச் சொன்னால் சுகர் மருந்தை எப்போது போடுவது என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். முந்தின இரவு ஆம்பூர் பிரியாணியோ மதுவோ உள்ளே போயிருந்தால் ட்ரைகிளிசரைடுதான் எகிறும், எல்.டி.எல். அவ்வளவாக மாறாது.

எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. எல்.டி.எல்.லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி: பாமாயிலில் ஏறக்குறைய பாதி, நம் வட ஆற்காட்டு வேர்க்கடலை எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதற்காகச் செக்கெண்ணெயை அளவில்லாமல் ஊற்றிவிடவும் கூடாது.

அப்புறம், ஒல்லியாக இருப்பவருக்குக் கொழுப்பு வராது என்ற நம்பிக்கை. பரம்பரையாகவே ஏற்பி சரியாக வேலை செய்யாதவர்களுக்குச் சிறு வயதிலேயே எல்.டி.எல். 190ஐத் தாண்டும், சாப்பாட்டைக் குறைத்தால் மட்டும் அது இறங்காது. எல்.டி.எல். போலவே ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரோட்டீன் ஏ என்ற இன்னொரு துகளின் அளவும் பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், வீட்டில் மற்றவர்களும், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் உட்பட, இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.