வளைகாப்போடு ஒரு ‘ஆணா பொண்ணா’ பார்ட்டி: வடசென்னை வீட்டில் எப்படி நடத்தலாம்

வீட்டில் அக்காவோ அண்ணியோ மாசமாக இருக்கிறார். பலூனை உடைத்தால் நீலப் பொடியோ பிங்க் பொடியோ கொட்டுகிற மாதிரி ஒரு பார்ட்டி வைத்துவிடலாம் என்று தங்கச்சிகளும் மச்சான்களும் வாட்ஸ்அப் குரூப்பில் திட்டம் போட ஆரம்பித்திருப்பீர்கள். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் பலூனுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்னால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: குழந்தை பிறப்பதற்கு முன்னால் அது ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பதும், அதை யாரிடமாவது சொல்வதும் இந்தியாவில் குற்றம்.

1994இல் கொண்டுவந்து 1996 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிற சட்டம் இது. வாயால் சொன்னாலும், கையால் ஜாடை காட்டினாலும், வேறு எந்த வழியில் தெரிவித்தாலும் தப்புதான். தண்டனை சொல்கிற டாக்டருக்கு மட்டுமில்லை, கேட்டுக்கொண்டு போகிற குடும்பத்தாருக்கும் உண்டு: அவர்களுக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 50,000 ரூபாய் வரை அபராதம். கர்ப்பிணியை வீட்டார்தான் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் போய்த் தெரிந்துகொண்டு வந்து இங்கே பார்ட்டி வைத்தால் பரவாயில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். 2024 மே மாதம் சென்னையில் ஒரு யூடியூபர் அப்படித்தான் செய்து வீடியோ போட்டார், சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது, வீடியோவை எடுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் இருக்கிற தம்பிக்கு அந்த ஊர் டாக்டர் சொல்லலாம், அவர்கள் அங்கேயே கொண்டாடிக்கொள்ளட்டும். அதைக் கொண்டுவந்து இங்கே கேக் வெட்ட வேண்டாம்.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பது நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேண்டாமென்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்கிற தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் சேலத்தில் தொடங்க வேண்டிய நிலையில் இருந்த மாநிலம் இது, பெண் குழந்தை என்று தெரிந்தால் என்ன நடந்தது என்பதைப் பார்த்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது.

சரி, அப்போ பார்ட்டியே கிடையாதா? தாராளமாக உண்டு. இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊகிக்கிற விளையாட்டு வளைகாப்பு அன்று, விடை தெரிகிற கொண்டாட்டம் குழந்தை பிறந்த பிறகு. நடுவில் ஒன்றிரண்டு மாதம் எல்லோரும் ஆவலோடு காத்திருப்பார்கள், அந்தக் காத்திருப்பே பாதி சந்தோஷம். என்னைக் கேட்டால் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுத் திறக்கிறதைவிட இது நூறு மடங்கு மேல்.

தீம் என்றதும் எல்லோரும் பிங்க், நீலம் என்று போய்விடுகிறார்கள். கேக் வெட்டி ஆணா பெண்ணா என்று அறிவிக்கிற இந்த வழக்கத்தை 2008இல் அமெரிக்காவில் பிரபலமாக்கிய பெண்மணியே பிறகு 2019இல் இது இவ்வளவு பெரிதாகப் போயிருக்க வேண்டாம் என்று வருத்தப்பட்டார். அந்தக் கேக்குக்குக் காரணமான மகள் வளர்ந்து கோட்டு சூட்டு போட்டுக்கொள்கிற பெண்ணாக இருந்தாள். அதனால் நிறத்தை விடுங்கள், நம்ம ஏரியாவை எடுங்கள். வடசென்னையில் தீமுக்கா பஞ்சம்?

எனக்கு ரொம்பப் பிடித்தது கேரம் போர்டு தீம். ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் கேரம் தட்டாத தெரு கிடையாது. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம்ம வண்ணாரப்பேட்டைப் பொண்ணு, ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தைக்கும் பொருந்துகிற தீம் இதைவிட எங்கே கிடைக்கும்? போர்டில் கருப்பு 9, வெள்ளை 9, நடுவில் ஒரே ஒரு ரெட். அந்த ரெட்டைக் குழந்தையாக வைத்துக்கொள்ளுங்கள். சதுரக் கேக்கில் நான்கு மூலையிலும் பாக்கெட் வரைந்து, நடுவில் சிவப்பு ஜெல்லியோ செர்ரியோ வைத்தால் கேக் முடிந்தது. கேக் கடையில் போட்டோ காட்டினால் போட்டுக்கொடுத்துவிடுவார்கள். சுவரில் மாட்ட உண்மையான பழைய போர்டு ஒன்றைத் தெருப் பசங்களிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள், அதைச் சுற்றி மல்லி, சாமந்திச் சரம் போட்டால் போதும்.

விளையாட்டும் அதிலேயே இருக்கிறது. நான்கு பாக்கெட்டுக்கும் டெலிவரி தேதி ஒட்டிய நான்கு வாரங்களை எழுதி ஒட்டுங்கள். வருகிற ஒவ்வொருவரும் எந்த வாரம் குழந்தை வரும் என்று நினைக்கிறார்களோ அந்தப் பாக்கெட்டைப் பார்த்து ஒரு காயை அடிக்க வேண்டும். உள்ளே விழுந்தால் அதுதான் அவர் கணக்கு, விழாவிட்டால் அடுத்த ஆள் வந்த பிறகு மறுபடியும் அடிக்கலாம். டாக்டர் கொடுத்த தேதியிலேயே பிறக்கிற குழந்தைகள் குறைவு, அதனால் இதில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். பிறகு ஒரு சீட்டில் பெயர் எழுதி, ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, மூக்கு யாருடையது என்று ஊகத்தை எழுதி ஒரு மண் உண்டியலில் போடச் சொல்லுங்கள். எடைக்கு இரண்டரை கிலோவிலிருந்து மூன்றரை வரை கட்டம் போட்டுக்கொடுத்தால் பெரியவர்களுக்குச் சுலபமாக இருக்கும். உண்டியலைச் சீல் வைத்து ஆயாவிடமோ பெரியம்மாவிடமோ கொடுத்துவிடுங்கள். காசு பந்தயம் மட்டும் வேண்டாம்.

வேறு தீம் வேண்டுமென்றால் காசிமேட்டுக் கடல் இருக்கிறது. காகிதப் படகு, வலை, சங்கு, சோழி, நீலமும் ஆரஞ்சும் கலந்த துணி. மீன்பிடிக் குடும்பங்களில் சொந்தப் படகின் பெயரையே பேனரில் எழுதி மகிழ்வார்கள். கடல் தீமில் மீன் சாப்பாடும் சேர்க்கத் தோன்றும். கர்ப்பிணிக்குச் சுறா, வஞ்சிரம் மாதிரி பெரிய மீன் வேண்டாம், அவற்றில் பாதரசம் கூடுதல். நெத்திலி, மத்தி போதும். பர்மா தீமும் அழகாக வரும், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் குடும்பங்கள் வியாசர்பாடிப் பக்கம் நிறைய உண்டு, பாரிமுனைப் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைச் சாப்பிடாத வடசென்னைக்காரர் யார்? அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் வீட்டிலேயே செய்யுங்கள், முட்டைக்கோஸையும் வெங்காயத்தையும் நன்றாகக் கழுவி, முட்டையை முழுசாக வேகவைத்து.

சாமான் வாங்கப் பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் போங்கள். காகிதம், ரிப்பன், பலூன், தாம்பூலப் பை எல்லாம் அங்கே மொத்த விலையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பல மூடியிருக்கும், அதனால் வார நாளில் மதியத்துக்கு முன்னால் போய்விடுங்கள், மெட்ரோவில் போனால் வண்டி நிறுத்துகிற அவஸ்தை இல்லை. துணிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. வளையல் வாங்கும்போது ஒரு சின்ன விஷயம்: ஏழாம் மாசத்துக்கு மேல் நிறைய பேருக்குக் கை வீங்கும், வழக்கமாக ரெண்டே நாலு போடுகிறவருக்கு ரெண்டே ஆறு வாங்குங்கள். அளவு சின்னதாக இருந்தால் போடும்போது கண்ணாடி உடைந்து கையைக் கிழிக்கும், கழற்றும்போது இன்னும் கஷ்டம். வருகிற பெண்களுக்குக் கொடுக்கும் வளையலையும் இரண்டு மூன்று அளவில் கலந்து வாங்கி வையுங்கள்.

பலூன் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன், கேஸ் பலூன் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் தெருவில் அடித்துக்கொடுக்கிற பலூன்களில் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான் இருக்கிறது, நெருப்பு பட்டால் வெடித்து எரியும். வளைகாப்பில் குத்துவிளக்கு இருக்கும், கற்பூர ஆரத்தி இருக்கும், ஊதுவத்தி இருக்கும். பம்பால் காற்றடித்த பலூனைச் சுவரில் ஒட்டினால் பார்க்க அதே அழகுதான். கலர் புகை வாணமும் வேண்டாம், நுரை ஸ்ப்ரேயும் வேண்டாம். 2020 செப்டம்பரில் கலிபோர்னியாவில் இப்படி ஒரு பார்ட்டியில் கொளுத்திய புகை வாணத்தால் காட்டுத்தீ பிடித்து, தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். அங்கே மலையும் புல்லும் இருந்தது. இங்கே சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், மேலே துணிக் கொடி, பக்கத்து வீட்டு ஓலைப் பந்தல். பொடி தூவித்தான் ஆக வேண்டும் என்றால் உதிரிப் பூவைத் தூவுங்கள், மூச்சுக்கும் நல்லது.

இடம் எங்கே? மொட்டை மாடியில் சாமியானா போட்டால் சாயங்காலம் கடல் காற்று வரும், செலவும் இல்லை, ஆனால் நம் பழைய வீடுகளின் படிக்கட்டு குறுகலாக, செங்குத்தாக இருக்கும். எட்டாம் மாசக்காரியை அதில் ஏற்றி இறக்குவது சரியில்லை. மாடியா, கீழே கூடமா, தெரு முனைச் சின்ன மண்டபமா என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை மாதிரி தண்ணீர் நிற்கிற இடங்களில் தரைத்தள மண்டபம் பிடிக்கும் முன் யோசியுங்கள். உட்காரும் நாற்காலிக்கு முதுகுத் தலையணை, கால் வைக்க ஸ்டூல், பக்கத்தில் ஃபேன், அருகில் பாத்ரூம் அவசியம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவரை நாற்காலியில் பொம்மை மாதிரி உட்கார வைக்காதீர்கள். பாட்டு போடுகிறவர்கள் ராத்திரி பத்து மணிக்குள் ஸ்பீக்கரை நிறுத்த வேண்டும். என் விருப்பம் ஸ்பீக்கரே வேண்டாம் என்பது. தெருவில் கானா பாடுகிற பையன் ஒருவன் எப்படியும் இருப்பான், அவனை வரப்போகிற குழந்தைக்கு நான்கு வரி கட்டச் சொல்லுங்கள். பாட்டிமார்களை நலங்குப் பாட்டு பாடச் சொல்லுங்கள். ஏழாம் மாசத்துக் குழந்தைக்கு வயிற்றுக்குள்ளேயே சத்தம் கேட்கும்.

சாப்பாடு வழக்கமான கலவை சாதம்தான், ஐந்தோ ஏழோ உங்கள் வீட்டு முறைப்படி. இனிப்பு விஷயத்தில் கர்ப்பிணியின் சுகர் டெஸ்ட் எப்படி வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரை இருக்கிறவருக்கு ஆளாளுக்கு ஒரு வாய் ஊட்டினால் அது பாசமில்லை.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைக்கிற விஷயம். ‘வயிறு கூராக இருக்கு, பையன்தான்’, ‘முகம் பளபளன்னு இருக்கு, பொண்ணுதான்’, மோதிரத்தை நூலில் கட்டி ஆட்டிப் பார்ப்பது எல்லாம் ஊகிக்கும் நேரத்தில் வரத்தான் செய்யும். எதிலும் உண்மை கிடையாது, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ‘முதல்லதான் பொண்ணு, இதாவது சிங்கக்குட்டியா வரட்டும்’ என்று ஒருவர் சொன்னால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள், பக்கத்தில் நிற்கிற முதல் குழந்தையின் முகத்தையும் பாருங்கள். ஆணா பெண்ணா என்பது அப்பாவிடமிருந்து வருகிற எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோமைப் பொறுத்தது, அம்மாவைக் கேள்வி கேட்பதில் அர்த்தமே இல்லை. இப்படிப் பேசுகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும், அவர்களிடம் வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஆண் பிள்ளை வேண்டும் என்று வெளிப்படையாக அழுத்தம் கொடுக்கிற வீடாக இருந்தால் சீட்டில் அந்தக் கேள்வியையே எடுத்துவிடுங்கள். தேதியும் எடையும் மூக்கும் போதும், பார்ட்டி ஒன்றும் குறைந்துவிடாது.

குழந்தை இல்லாத சித்தியையும் கணவரை இழந்த அத்தையையும் வளையல் போடக் கூப்பிடுங்கள். கர்ப்பிணியின் அம்மாவே முதலில் போய் அவர்கள் கையைப் பிடித்து அழைத்து வந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். செலவையும் வழக்கப்படி பெண் வீட்டார் தலையில் முழுசாகக் கட்ட வேண்டாம், சடங்கு அவர்களுடையது என்றால் தீம், கேக், விளையாட்டு எல்லாம் மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகளுடையது. அழைப்பில் ‘ஜெண்டர் ரிவீல்’ என்று போடாதீர்கள், வளைகாப்பு என்றே போடுங்கள், வீண் கேள்வி வராது.

பிறந்த அன்று செய்ய வேண்டியதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மாதிரி அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் வார்டு வாசலில் பதினைந்து பேர் நிற்கக் கூடாது. கணவர், அம்மா, கூட ஒருவர் போதும். அம்மாவும் குழந்தையும் நலம் என்ற செய்தி மட்டும் முதலில் குரூப்பில் வரட்டும், ஆணா பெண்ணா என்பதைச் சாயங்காலம் வரை அந்த மூன்று பேரும் வைத்துக்கொள்ளட்டும். தாய் களைத்திருந்தால் மறுநாள் ஆனாலும் ஒன்றுமில்லை. பிறகு வீடியோ காலில் எல்லோரையும் கூப்பிட்டு, மருத்துவமனைக்கு வர முடியாத ஆயாவுக்கு மட்டும் ரகசியமாகப் போன் செய்து சொல்லி, அவர் வாயாலேயே எல்லோருக்கும் அறிவிக்கச் செய்யுங்கள். அவர்தான் உண்டியலையும் உடைக்க வேண்டும். சீட்டுகளைப் படித்து, அதிகம் சரியாகச் சொன்னவரைக் கண்டுபிடியுங்கள், கேரம் தீம் என்றால் அவருக்கு ஒரு புது ஸ்ட்ரைக்கர் பரிசு. தெருவுக்கு கல்கண்டோ சாக்லேட்டோ கொடுக்கும்போது, பையன் என்றால் எவ்வளவு வாங்குவீர்களோ அதே அளவு பெண் என்றாலும் வாங்குங்கள், அந்தக் காசை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.