மெசியே 11க்கு முன்னால் எவ்வளவு தூசி? எக்செலில் அளப்பது எப்படி

விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசி நீல ஒளியைக் கூடுதலாகத் தடுக்கும். அதனால் பின்னாலிருக்கும் விண்மீன் மங்குவதோடு சிவந்தும் தெரியும். மெசியே 11 ஒரு திறந்த கொத்து, அதாவது ஒன்றாகப் பிறந்த விண்மீன்களின் கூட்டம். அதன் விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதால் அந்தச் சிவப்பை வீட்டுக் கணினியிலேயே அளக்கலாம். தூசி குறைந்த இன்னொரு திறந்த கொத்தான கார்த்திகைக் கூட்டத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் இரண்டையும் கண்ணால் பாருங்கள். கார்த்திகைக் கூட்டம் உச்சிக்கு வரும் மார்கழியில் மட்டக்களப்பில் மாரி மழை. மழை ஓய்ந்தபின் மாசியில், இருட்டியதும் தலைக்கு மேல் சற்று மேற்கே தேடலாம். மெசியே 11க்கு ஓகஸ்ட் நடுப்பகுதி, இரவு 9 மணி நல்லது. கல்லடிக் கரையில் 10×50 பைனாகுலரில் சின்னப் புகைத்திட்டாகத் தெரியும். கச்சான் காற்றில் கை ஆடும். முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். உப்பீரம் படிந்த வில்லையை உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும்.

இனித் தரவு. ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலத் தரவுக் களஞ்சியத்தில் மூன்றாம் வெளியீடு (2022) இலவசம். அதில் ஒவ்வொரு கொத்தின் விண்மீன்களையும் கீழுள்ள எல்லைகளால் வடிகட்டி எடுங்கள்.

1. கார்த்திகை: வல ஏற்றம் 56.75°, நடுவரை விலக்கம் +24.12° (வானில் இடம் காட்டும் இரு எண்கள்), ஆரம் 2°. இடமாறு (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம்; தூரம் கூடக் குறையும்) 6.9–7.8 மில்லி ஆர்க்செக்கன். வானில் ஆண்டு நகர்வு, அதே அலகில், கிழக்காக 15–25, வடக்காக −50 முதல் −40. பிரகாச எண் 15க்குள்.

2. மெசியே 11: 282.77°, −6.27°, ஆரம் 0.2°. இடமாறு 0.3–0.55. நகர்வு −1.6, −4.15, இரண்டிலும் 0.4 வரை விலகலாம். பிரகாச எண் 17.5க்குள். நகர்வு வடிகட்டலைத் தவறவிட்டால் பால்வழியின் பின்னணி விண்மீன்கள் குவிந்து, அடுத்து வரையும் வரைபடத்தில் கொத்தின் விண்மீன்கள் அமைக்கும் சாய்கோடே தெரியாது.

3. நிறத்தைக் (நீல, சிவப்புப் பிரகாச எண்களின் வித்தியாசம்; தரவில் bp_rp) கிடையாகவும் கையாவின் ஜி (G) பிரகாச எண்ணை நிலைக்குத்தாகவும் வைத்துப் புள்ளி வரைபடம் போடுங்கள். எண் குறையக் குறைய ஒளி கூடும். எனவே நிலைக்குத்து அச்சைத் தலைகீழாக்க வேண்டும்.

4. இரண்டு கலங்களில் 0.5, 7 என்று எழுதுங்கள். மெசியே 11இன் நிறத்திலிருந்து முதலாவதையும், பிரகாச எண்ணிலிருந்து இரண்டாவதையும் கழித்து, வருவதைக் கார்த்திகை வரைபடத்தின் மேலேயே போடுங்கள். கோடுகள் பொருந்தும்வரை இரு எண்களையும் மாற்றுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். கோடு சாய்வானது; கொஞ்சம் வலமும் கொஞ்சம் கீழுமாக நகர்த்தினாலும் பொருந்திவிடும். அதனால் இடமாறு தரும் தூரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: தூர வேறுபாடு மட்டும் ஏறக்குறைய 6 எண். அதற்கு மேல் மிஞ்சுவது தூசியின் மங்கல். அது நிற நகர்வின் ஏறத்தாழ இரு மடங்காக வர வேண்டும். வராவிட்டால் பொருத்தம் பிழை. கார்த்திகை நிறம் 0.3–0.8 பகுதியை மட்டும் பொருத்துங்கள். மெசியே 11 வயதில் மூத்தது, அதன் மேல்முனை வளைந்துவிட்டது. கோட்டுக்கு 0.75 மேலே ஓடும் இணைகோடு இரட்டை விண்மீன்கள், அதை விடுங்கள்.

மங்கல் 1 எண் என்றால், தூசியைக் கணக்கில் எடுக்காதவர் தூரத்தை 1.58 மடங்காகக் கணிப்பார். இப்படிக் கணித்த தூரத்தால் தொலைவுக் கொத்துகளின் பருமன் காரணமின்றிப் பெரிதாக வந்ததை வைத்தே 1930இல் வானியலாளர் ராபர்ட் டிரம்ப்ளர் இந்தத் தூசி இருப்பதைக் காட்டினார்.

கார்த்திகைக்கும் சிறிதளவு தூசி உண்டு; உங்களுக்குக் கிடைப்பது வித்தியாசம்தான். (படங்களில் அதைச் சூழ்ந்த நீல மூட்டம் பிறப்பின் மிச்சமல்ல, வழியில் குறுக்கிட்ட முகில்.) நேரம் இருந்தால் மெசியே 11ஐ வடபாதி, தென்பாதி எனப் பிரித்துத் தனித்தனியே பொருத்துங்கள். நிற நகர்வு 0.05க்கு மேல் வேறுபட்டால் தூசி திட்டுத்திட்டாக இருக்கலாம். அதற்குக் குறைவை நம்பவேண்டாம்.