பழைய பிக்அப் சூடேறுகிறதா? பாகத்தை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் மீன் ஏற்றிக் களியக்காவிளை தாண்டிப் போகிற பிக்அப்கள், குலசேகரம் பக்கம் ரப்பர் பால் பேரல் சுமக்கிறவை, வடசேரிச் சந்தைக்கு ஏத்தன் வாழைக்குலை கொண்டுவருகிறவை: இவற்றில் பல பத்துப் பதினைந்து வருஷம் உழைத்துத் தேய்ந்த வண்டிகள். ஒரு பழைய டாட்டா 207-ஓ பொலீரோ பிக்அப்போ சூடேறத் தொடங்கினால் முதலில், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறார்கள். சூடு நிற்காவிட்டால் ரேடியேட்டர் மாறுகிறது, பிறகு வாட்டர் பம்ப். கடைசியில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைத் திறக்கிறார்கள். நாலைந்து பாகம் மாற்றிய பிறகும் பழைய சூடு அப்படியே இருப்பதுண்டு. வண்டி ஓடாத நாளெல்லாம் வருமானம் இல்லாத வீட்டுக்கு இது பெரிய அடி.

இவ்வளவுக்கும் காரணம், 'எப்போது சூடாகிறது?' என்ற கேள்வியை யாரும் கேட்காததுதான். டிரைவர் சொல்வதில்லை, மெக்கானிக்கும் விசாரிப்பதில்லை. ஆனால் பழுது எங்கே என்பதில் பாதி அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

மார்த்தாண்டத்தில் நெரிசலில் நிற்கும்போது டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறி, வண்டி நகர்ந்து காற்று பட்டதும் இறங்கினால், குறை காற்றில் இருக்கிறது. ஃபேன், ஃபேன் பெல்ட், சூட்டுக்கு ஏற்ப ஃபேனைச் சுழற்றும் விஸ்கஸ் கிளட்ச், ரேடியேட்டர் முகத்தில் அடைந்த தூசி, இவற்றைப் பாருங்கள். நிற்கும்போது நன்றாக இருந்து, நாற்கர சாலையில் வேகமெடுத்தாலோ கடையாலுமூடு தாண்டி ஆறுகாணி, பத்துகாணி ஏற்றத்தில் சுமையோடு ஏறினாலோ சூடானால், குறை தண்ணீர் ஓட்டத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கலாம், பம்பின் இறக்கை அரித்திருக்கலாம், கீழ் ஹோஸ் வேகத்தில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளலாம். இந்தக் கீழ் ஹோஸ் விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்துப் போயிருந்தால், ஐடிலில் ஹோஸ் ஒழுங்காகத் தெரியும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதுதான் சப்பிப் போகும். ஒருவர் ரேஸ் கொடுக்க, இன்னொருவர் ஃபேனில் கை படாத தூரத்தில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு ஒரு தனிக் குறிப்பு. தென்மேற்குப் பருவக்காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் நாகர்கோவிலிலிருந்து வள்ளியூர்ப் பக்கம் போகிற வண்டிக்குக் காற்று முதுகில் அடிக்கிறது. வண்டி ஓடினாலும் ரேடியேட்டருக்குள் புகும் காற்று குறைவு. திரும்பி வரும்போது எதிர்காற்று. எஞ்சினுக்குப் பாரம் கூடினாலும் ரேடியேட்டருக்குக் காற்று தாராளம். போகும்போது மட்டும் முள் ஏறுகிறது என்றால் ஃபேனைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்த தவறு, டாஷ்போர்டு முள்ளை அப்படியே நம்புவது. பழைய வண்டியில் எர்த் வயர் துருப்பிடித்தாலே முள் பொய் சொல்லும். இதைவிட ஆபத்தான பொய் ஒன்று உண்டு. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டால், சென்சாரின் முனை தண்ணீரில் இல்லாமல் வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் மேலே போகாமல் கீழே இறங்கும். 'சூடு குறைந்துவிட்டது' என்று நினைத்து ஓட்டினால் எஞ்சின் உள்ளே இறுகி, சீஸ் ஆகிவிடும். ஏறிய முள் திடீரென்று காரணமில்லாமல் இறங்கினால் உடனே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். உண்மையான சூட்டை அறிய இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் காட்டலாம். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும் என்பதால், கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அதன் அளவு நாற்பது சொச்சம் டிகிரியோடு நின்றுவிடும்.

சூடான வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மூடி வேலை செய்வது பிரஷர் குக்கரின் வெயிட் போல. 0.9 பார் மூடி சரியாக இருந்தால் உள்ளே வெறும் தண்ணீரேகூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் விடுபட்டு, கொதிநீரும் ஆவியும் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். ஈரச் சாக்கைப் போட்டுத் திறப்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. எஞ்சின் ஆறி, மேல் ஹோஸைக் கையால் எளிதாக அமுக்க முடிகிறவரை காத்திருங்கள். சாலையோரக் குழாயில் குடம் பிடித்துக் கொதிக்கும் எஞ்சினில் ஊற்றுவதும் கூடாது. திடீர்க் குளிர்ச்சியில் ஹெட் விரிசல் விடலாம், வளையலாம். நூறு ரூபாய் ஹோஸ் கிளிப்பில் முடிந்திருக்க வேண்டிய செலவு லேத்தில் ஹெட்டைச் சமப்படுத்தும் ஃபேசிங் வரை போவது இப்படித்தான்.

அந்த மூடியேதான் முதலில் சோதிக்க வேண்டிய பாகமும். அதன் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஓவர்ஃப்ளோ வழியாக வெளியே போகும். நடுவில் இருக்கும் சிறிய வேக்குவம் வால்வு ஒட்டிக்கொண்டால், எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் டப்பாவிலிருந்து தண்ணீர் திரும்ப வராது. காலையில் மேல் ஹோஸ் சப்பிக் கிடப்பதைப் பார்த்தால் இதுதான் காரணமா என்று முதலில் பாருங்கள். புது மூடி வாங்கும்போது பழையதில் அச்சிட்ட அழுத்த எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்க வேண்டும். அளவு கூடிய மூடி போட்டால் பழைய ஹோஸும் பழைய சால்டரிங்கும் தாங்காது.

இனி தெர்மோஸ்டாட். 'நம்ம ஊர்ச் சூட்டுக்கு அது எதுக்குண்ணே, கழத்திப் போடு' என்ற பேச்சு மாவட்டம் முழுக்கக் கேட்கும். நான் இதைக் கடுமையாகவே மறுக்கிறேன். எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கு வந்தால்தான் டீசல் சரியாக எரியும், ஆயில் சரியாக ஓடும். அது எப்போதும் குளிர்ந்தே ஓடினால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். இன்னொன்றும் உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும். ஏற்றத்தில் வண்டி முன்பைவிட அதிகம் சூடாகும். சோதிப்பதும் எளிது. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் காய்ச்சுங்கள். அதன் மேல் பொறித்த டிகிரியை ஒட்டி, பெரும்பாலும் 80-க்கும் 90-க்கும் இடையில், அது திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தில் சூட்டைப் பற்றிப் பேச முடியாது. கடலோரக் கிணற்றிலும் போரிலும் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதை மாதக்கணக்கில் ஊற்றி வந்தால் ரேடியேட்டர் குழாய்க்குள் படிவு கட்டும், அலுமினிய ஹவுசிங் அரிக்கும். 'இங்க பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?' என்பது அடுத்த தவறான வாதம். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும், பம்ப் சீலைக் காப்பதும் அதே கூலன்ட்தான். கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டருடன் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். கலக்காமல் அப்படியே ஊற்றினால் வெப்பத்தைக் கடத்தும் திறன் குறையும். கலந்தே வருகிற வகையில் மேலும் தண்ணீர் சேர்த்தாலோ காப்பு வலுவிழக்கும். கேனின் மேலே எது என்று எழுதியிருக்கும். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒவ்வாத வகைகள் கலந்தால் கூழாகிக் குழாயை அடைக்கவும் கூடும்.

வடிக்கும் கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. வாய்க்காலில் ஊற்றுவதும் வேண்டாம்.

ரேடியேட்டரின் வெளிமுகத்துக்கு வருவோம். உப்புக் காற்றும், மீன் பெட்டியிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீரும் பின்புறத்தை மட்டும் தின்பதில்லை. கடலோரமாக நிறுத்தும் வண்டிகளில் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் கையால் தொட்டாலே பொடியாக உதிர்வதைப் பார்க்கலாம். குழாய் ஒழுகாது, தண்ணீரும் குறையாது. ஆனால் தகடு இல்லாத குழாய் வெப்பத்தைச் சரியாக வெளியே தள்ளாது. மலைப்பக்க வண்டிகளுக்கு வேறு தொல்லை: ரப்பர் தோட்டச் சருகும் பூச்சியும் சேறும் சேர்ந்து தகடுகளுக்கு இடையில் அடை பிடிக்கும். இதைச் சரிசெய்ய வாட்டர் சர்வீஸில் பிரஷர் பம்பை நேராகக் காட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. தகடு மடங்கி, இருந்த காற்று வழியும் மூடிவிடும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரண ஹோஸின் மெல்லிய அழுத்தத்தில் கழுவுங்கள். கிரில் முன்னால் வலை, பெரிய பெயர்ப்பலகை, கூடுதல் லைட் என்று கட்டியிருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இதோடு சேர்ந்தது, ஃபேனைச் சுற்றி மூடியிருக்கும் ஃபேன் கவர். ரேடியேட்டரைக் கழற்றி மாட்டும்போது உடைந்ததென்று அதை ஓரமாக எறிந்துவிடுகிறார்கள். கவர் இல்லாவிட்டால் ஃபேன் சுற்றிலுமுள்ள சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும், ரேடியேட்டர் வழியாக இழுக்காது. நெரிசலில் மட்டும் சூடாகும் பழைய வண்டி என்றால், போனட்டைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது அந்தக் கவரைத்தான்.

ஒழுகலுக்கு மஞ்சள்பொடி போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நடுவழியில் வீடு சேர வேறு வழியே இல்லையென்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் அதை மருத்துவம் என்று விட்டுவிடக் கூடாது. ஓட்டையை அடைக்கும் எதுவும் குறுகிய குழாய்களையும் அடைக்கும். கடையில் விற்கும் லீக் ஸ்டாப்புக்கும் இது பொருந்தும். எஞ்சின் ஆறியிருக்கும்போது கைப்பம்பு டெஸ்டரை ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் எழுதிய அழுத்தம் வரை ஏற்றி வைத்தால், ஒழுகும் இடம் தானே காட்டிக்கொடுக்கும். வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் சின்னத் துளையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ கறை காய்ந்திருந்தால் பம்ப் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டை முதல் குற்றவாளி ஆக்குவதும் தவறு, கடைசிவரை சந்தேகிக்காமல் இருப்பதும் தவறு. ரேடியேட்டரில் குமிழி வந்தவுடனே 'கேஸ்கட் அடிச்சிடுச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் மாற்றிய பிறகு உள்ளே சிக்கிய காற்றும் குமிழியாகத்தான் வரும். காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகும், ஐடிலில் ஓயாமல் குமிழி வந்து, ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் சந்தேகம் நியாயம். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே, தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது பலமான அறிகுறி. இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையிலும் ஹோஸ் இறுக்கமாகவே இருப்பதும் அப்படியே. ஆயில் மூடியில் வெள்ளை நுரை மட்டும் போதாது. மழைக்காலத்தில் சின்னச் சின்ன ஓட்டம் ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் அது வரும். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் போலிருந்தால் அப்படியே ஓட்டக் கூடாது. எஞ்சினில் எரிந்த புகை பட்டால் நிறம் மாறும் திரவ டெஸ்ட் இருக்கிறது. ஹெட்டைத் திறக்கும் முன் அதைச் செய்யும் வொர்க்‌ஷாப்பைத் தேடிப் போங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சூடானால், கூலிங்கை விட்டு வெளியே பாருங்கள். பிடித்தபடியே நிற்கும் பிரேக், வழுக்கும் கிளட்ச், அடைத்த ஏர் ஃபில்டர், தப்பிய டீசல் பம்ப் டைமிங், அளவுக்கு மீறிய சுமை, எதுவும் எஞ்சினைச் சுடவைக்கும். ஓட்டி நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக்கில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

வேலை முடிந்த பிறகு பலர் தவறவிடுவது, கூலன்ட் ஓடும் வழியில் சிக்கிய காற்றை எடுப்பதை. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஓர் ஏற்றத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, கூலன்ட் நிரப்பி, பிறகு ஐடிலில் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சூடாகும், மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது மேலும் ஊற்றி, குமிழி நின்ற பிறகே மூடுங்கள். மறுநாள் காலை வண்டியைக் கிளப்பும் முன் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றுங்கள். முதல் இரண்டு மூன்று லோடு வரை, தினமும் அதே வேளையில், அதே இடத்தில் நிறுத்திப் பார்த்து மட்டத்தை ரிசர்வ் டப்பாவின் மேல் பேனாவால் குறித்து வையுங்கள்.