கேபிள் இணையம்: வசதிகளும் ஸ்பிளிட்டரில் வேண்டிய கவனமும்

தொலைக்காட்சிக்காக ஏற்கெனவே வீட்டுச் சுவர் வரை வந்திருக்கும் கோஆக்சியல் கேபிளிலேயே இணையமும் வந்துவிடுவதால், புதிதாகச் சுவரைத் துளையிட வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது என்பதே கேபிள் இணையத்தின் முதல் வசதி. தொலைபேசிக் கம்பி வழியாக வரும் டிஎஸ்எல் இணைப்பில் தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் குறைந்துகொண்டே வரும். கேபிளிலோ வழியில் உள்ள ஆம்ப்ளிஃபயர்கள் சிக்னலைப் பெருக்கிக் கொடுப்பதால் அந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியாகச் சுற்றிவரும் இணைப்பில் வீடியோ அழைப்பின்போது உணரப்படும் தாமதமும் இதில் கிடையாது.

ஒரே தடத்தை அக்கம்பக்கத்து வீடுகளும் பகிர்வதால் மாலை நேரத்தில் வேகம் தளரலாம். பதிவேற்ற வேகமும் பதிவிறக்க வேகத்தைவிடப் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். கேபிள் இணையத்துக்கான வேகமான தொழில்நுட்பத் தரமான டாக்சிஸ் (DOCSIS) 3.1-இல் மோடம் கிடைக்குமா என்று இணைப்பு தரும் நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள்.

நான் மிக முக்கியமாகக் கருதுவது, ஒரு கேபிளில் வரும் சிக்னலைப் பல முனைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சிறு கருவியான ஸ்பிளிட்டரைத்தான். இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்று, ஒவ்வொரு முனைக்கும் போகும் சிக்னலில் ஏறத்தாழ 3.5 டெசிபலை, அதாவது பாதிக்கும் மேற்பட்ட ஆற்றலைக் குறைத்துவிடும். எனவே கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரே ஒரு ஸ்பிளிட்டரை வைத்து, அதன் ஒரு முனையை நேராக மோடத்திற்குக் கொடுத்துவிட்டு, மற்றொரு முனையிலிருந்து தொலைக்காட்சிகளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். மோடத்தின் பின்புறம் திருகும் கனெக்டரை ஒருமுறை கழற்றி, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்பு நிறக் கம்பி நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வளைந்தோ கறுத்தோ இருந்தால் எவ்வளவு இறுக்கித் திருகினாலும் இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும், முனையை வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர் போடச் சொல்ல வேண்டும்.